பதினேழாம் நாள்

எங்கள் சலவைக்கூடத்தில் கறைக்கு அளவு கிடையாது. விரிப்பு முழுக்க நனைந்து வந்தாலும் கறைதான், ஓரத்தில் கடுகளவு பொட்டு இருந்தாலும் கறைதான். இரண்டும் ஒரே சிவப்புப் பைக்குள் போகும், ஒரே குளிர்ந்த தண்ணீரில் முதல் அலசலுக்கு விழும். பொட்டைக் கண்ட நேரத்தில் அந்தத் துணியின் கணக்கு ஆரம்பிக்கிறது. சீட்டில் அந்த நேரத்தைத்தான் எழுதுவோம்.

மூன்று ஆஸ்பத்திரிகளின் துணி எங்களிடம் வருகிறது. நான் பதினோரு வருடமாக இரவு ஷிப்டில் பிரிப்பு மேசையில் நிற்கிறேன். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவள். ஏன் விட்டாய் என்று கேட்டால் சொல்லும்படியாக ஒரு காரணமும் இல்லை. இங்கே வந்த பிறகு ரத்தத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பளிச்சென்று இருந்தால் வண்டி ஏறுவதற்குச் சற்று முன் பட்டது. கருஞ்சிவப்பு என்றால் அரை நாள். பழுப்பு என்றால் அது வெளியே வருவதற்கே நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. வெளிறிய ரோஜா நிறத்தில் வேறு நீர் கலந்திருக்கும். இதில் நான் தவறுவது அபூர்வம்.

கிழிந்துபோன விரிப்புகளைக் கழித்து, உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக வெட்டி வைப்போம். இயந்திரம் துடைக்க என்று பேர். நாங்கள் ஆளுக்கு ஒரு கட்டு வீட்டுக்கு எடுத்துப் போவோம். நூறு தடவை கொதித்த வெள்ளைப் பருத்தி, கடையில் அதைவிடச் சுத்தமாக எதுவும் கிடைக்காது. மாதக் கடைசியில் அதை மடித்து உள்ளே வைத்துக்கொள்வேன். எப்போது ஆரம்பித்தாலும் வெள்ளையில் தெரிந்துவிடும்.

தெரிந்தது. அதுதான் பிரச்சினை.

திருமணமாகி நாலு வருடம். குழந்தை இல்லை. எனக்கு முப்பத்து மூன்று வயது. கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கிளினிக்குக்குப் போனோம். அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள். மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி இருபத்தொன்றாம் நாள் ரத்தம் கொடுக்க வேண்டும். எண்ணினேன். வேலையில் எண்ணுகிற மாதிரியே எண்ணினேன். முதல் பொட்டு, முதல் நாள். எப்படி எண்ணினாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. துணி உலரும் என்பதைச் சொல்லிக்கொண்டிருப்போமா.

மூன்று மாதம் ரத்தம் கொடுத்தேன். மூன்று மாதமும் ஹார்மோன் எண் மிகக் குறைவு. அங்கிருந்த டாக்டர் திரையைப் பார்த்தபடியே, "உங்களுக்கு முட்டை வெளியாகறதில்லைம்மா. ஊசி போட்டு வர வைக்கணும். அடுத்த மாசம் ஆரம்பிச்சுடலாம்" என்றார். கோபமோ வருத்தமோ இல்லாத குரல். நான் பை தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலம் சமையலறையில் இதை என் கணவனிடம் சொன்னேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தவன் அடுப்பைக் குறைத்தான்.

"வெளியாகலன்னா என்ன அர்த்தம்? உள்ள இருக்கா, இல்லவே இல்லையா?"

"கேக்கல."

"அதைத்தானே முதல்ல கேக்கணும். லிஃப்ட் ஓடலன்னு கூப்புடுவாங்க. போய்ப் பாத்தா கதவுக்கு நடுவுல செருப்பு மாட்டியிருக்கும். மோட்டார் நல்லாத்தான் இருக்கும்."

"என்னை லிஃப்ட்டோட சேக்காத."

"சரி, சேக்கல. ரொட்டி கருகுது, தள்ளு."

அதற்கு மேல் பேசவில்லை. அவன் பேசாமல் இருப்பதை நான் இரக்கம் என்று எடுத்துக்கொண்டேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குள் ஒரு இடம் காலி, அங்கே ஒன்றும் நடப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். தீர்மானித்த பிறகு சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. ஆனால் ஊசிக்கு மட்டும் தேதி வாங்கவில்லை.

பொட்டும் நிற்கவில்லை. இளவயதில் இப்படி இருந்ததில்லை. ஒருநாள் வரும், வந்த அன்றே கொட்டும், அவ்வளவுதான். கடந்த ஒரு வருடமாகத்தான் இந்த முன்னோட்டம். நாலு நாள் பொட்டு பொட்டாகப் படும், பழுப்பாக, பேனா மை ஒழுகின மாதிரி. ஐந்தாம் நாள்தான் நிஜமான உதிரம். ஆஸ்பத்திரியோடு தகராறு வரும் கறைகளை வெட்டியெடுத்து, கண்ணாடித்தாள் உறையில் போட்டு, தேதி நேரம் எழுதி மூன்று மாதம் வைத்திருப்பது எங்கள் வழக்கம். நானும் என் சதுரங்களை உலர்த்தி உறையில் போட்டு எழுதி வைத்தேன். ஐந்து மாதத்தில் இருபத்தைந்து உறை சேர்ந்தது. யாரோடு தகராறு என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒருநாள் காலை ஆறு மணிக்கு, ஷிப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில் நான் உறையைப் பெட்டிக்குள் திணிக்கும்போது லென்ஸ் பார்த்துவிட்டாள். லென்ஸ் எங்கள் மேற்பார்வையாளர். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், சோடாபுட்டிக் கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்குத் தப்பின பொட்டு கிடையாது.

"என்னடி அது? எந்த வார்டு?"

"எந்த வார்டும் இல்லக்கா. என்னோடது."

வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். தேதியைப் படித்தாள். இன்னொன்றைக் கேட்டு வாங்கினாள்.

"நல்லா இருக்குடி. உன்மேல நீயே புகார் கொடுத்து நீயே விசாரிக்கிறியா?"

"சும்மா இருக்கா."

"ரெண்டு பீரியடுக்கு நடுவுலயா வருது?"

"முன்னாடி. நாலு நாள்."

"எனக்கும் வந்துது, காப்பர்-டி போட்ட வருஷம். கேன்சர்னே முடிவு பண்ணிட்டேன். என் நகையெல்லாம் யாருக்குன்னு என் தங்கச்சிகிட்ட சொல்லி அழுதேன். ரெண்டு கம்மல்டி மொத்தமே. அப்பறம் டாக்டரம்மா பாத்துட்டு, இது புது ஆளு, பழகற வரைக்கும் இப்படித்தான்னு சொல்லிச்சு. தங்கச்சி இன்னும் அந்தக் கம்மலைக் கேக்கறா."

"எனக்குக் காப்பர்-டி இல்லக்கா."

லென்ஸ் சிரிப்பை நிறுத்தினாள். உறையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப காட்டிடு. பழுப்புன்னா பழசு, பழசுன்னா பயமில்லன்னு நீ பாட்டுக்கு இருக்காத. எங்க இருந்து வருதுன்னு துணிக்குத் தெரியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கே போ. தூங்கிட்டு நாளைக்குப் போறேன்னு சொன்னா நாளைக்கும் தூங்குவ."

ஆக, நான் குழந்தைக்காகப் போகவில்லை. பொட்டுக்காகப் போனேன். சலவைக்கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரி, மாடியில் பெண்களுக்கான டாக்டர். அறுபதை நெருங்குகிறவர். அன்று அவருக்கு நல்ல ஜலதோஷம், மூக்கைத் துடைத்துத் துடைத்து நுனி சிவந்திருந்தது. நான் இரவெல்லாம் நின்ற சட்டையோடு போயிருந்தேன். என்ன பிரச்சினை என்று கேட்டார். சொல்வதற்குப் பதில் உறைகளை மேசையில் கொட்டினேன்.

அவர் கையுறை மாட்டிக்கொண்டு உறைகளைத் தேதிவாரியாக அடுக்கினார். ஒரு மாதத்துக்கு ஒரு வரிசை. ஐந்து வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் நாலு பழுப்பு, கடைசியில் ஒரு சிவப்பு. அப்படி அடுக்கி நான் பார்த்ததில்லை. ஐந்து வரிசையும் ஒன்றுபோல் இருந்தன. அச்சில் வார்த்த மாதிரி.

"முப்பது வருஷமா பாக்கறேன், இப்படி ஒரு நோயாளி வந்ததில்ல. என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"அதான். இந்தச் செவப்பு எத்தனாவது நாள்?"

"அஞ்சாவது நாள் டாக்டர்."

"எதுல இருந்து அஞ்சாவது?"

"முதல் பொட்டுல இருந்து."

துடைத்துக்கொண்டிருந்த கை மூக்கிலேயே நின்றது. "வேற எங்கயாவது காட்டியிருக்கீங்களா?"

பையிலிருந்து கண்ணாடிக் கதவு கிளினிக்கின் மூன்று தாள்களையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் அவற்றையும் உறைகளையும் மாறி மாறிப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இருபத்தொண்ணாம் நாள்னு ரத்தம் குடுத்திருக்கீங்க. பொட்டுல இருந்து எண்ணியா?"

"ஆமா. பொட்டுதானே முதல்."

"இல்லம்மா. சரியா ஓட ஆரம்பிக்கற நாள்தான் முதல் நாள். பொட்டைக் கணக்குல எடுக்கக் கூடாது. அது போன மாசத்தோட கடைசி."

எனக்கு உடனே புரியவில்லை. சதுரங்களைப் பார்த்தேன். பதினோரு வருடமாக எதை ஆரம்பம் என்று சீட்டில் எழுதினேனோ, இங்கே அது முடிவு.

அவர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். எனக்கு உதிரத்திலிருந்து உதிரத்துக்கு முப்பது நாள். முட்டை வெளியே வருவது ஏறக்குறைய பதினாறாம் நாள். வந்து ஒரு வாரம் ஆன பிறகு ரத்தத்தில் பார்த்தால்தான் வந்ததா என்று தெரியும். நான் இருபத்தொன்று என்று போய்க் கை நீட்டிய நாள் உண்மையில் பதினேழு.

"கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுப் போட்டோ கேக்கலாம். தாலி கட்டின மறுநாளே ஆல்பம் எங்கன்னு கேட்டா யாரு குடுப்பா? அந்த எண் கம்மியாத்தான் இருக்கும். முட்டை வந்திருந்தாலும் கம்மியாத்தான் இருக்கும்."

"அப்ப வருதா?"

"அது எனக்கு இன்னைக்குத் தெரியாது. வரலன்னு இந்தத் தாள் சொல்லல. அவ்வளவுதான் சொல்வேன். படுங்க, முதல்ல வந்த வேலையைப் பாப்போம்."

கருப்பை வாயைப் பார்த்தார், அங்கிருந்து தடவிச் சோதனைக்கு மாதிரி எடுத்தார். உள்வழியாக ஸ்கேன் செய்தார். தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். சதை வளர்ச்சி ஏதும் இல்லை, புண் இல்லை. மற்ற முடிவுகளும் சில நாளில் ஒழுங்காகவே வந்தன. அப்படியானால் பொட்டு ஏன் என்று அன்றே கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். அதை நான் இன்றுவரை ஒரு வார்த்தை விடாமல் வைத்திருக்கிறேன்.

முட்டை ஒரு சின்ன நீர்ப்பையில் முதிர்கிறது. பை வெடித்து முட்டை போய்விடுகிறது. காலியான பை வீணாவதில்லை. அது உருமாறி ஒரு சுரப்பியாகி ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. கருப்பையின் உள்சவ்வை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஹார்மோன்தான். அந்தப் பைக்கு இரண்டு வாரம்தான் ஆயுசு. கரு வந்து தங்காவிட்டால் அது சுருங்கிப் போகும், பிடி விடும், சவ்வு முழுக்க உதிரும். சிலருக்குப் பிடி ஒரேயடியாக விடுவதில்லை. ஓரத்தில் கொஞ்சம் முன்கூட்டியே தளர்கிறது. அங்கே கசிவது ஒரு சொட்டு, மெதுவாக இறங்குகிறது, வழியிலேயே பழுப்பாகிறது.

"நடுமாசத்துல வந்தா, உறவுக்கு அப்பறம் வந்தா, நாள் கூடிட்டே போனா உடனே வரணும். நாள் தள்ளிப்போய்ப் பொட்டு மட்டும் வந்தா முதல்ல கர்ப்பமான்னு பாக்கணும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்ல. உங்களுக்கு ஏன் நாலு நாள் முன்னாடியே தளருதுன்னு என்னைக் கேட்டா, சத்தியமா எனக்கு முழுசாத் தெரியாது."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கிளம்பும்போது கேட்டார்: "இன்னைக்கு உங்க கணக்குல எத்தனாவது நாள்?"

"பதிமூணு."

"என் கணக்குல ஒம்பது. நாலு நாள் கழிச்சு வாங்க. முட்டை வருதா இல்லையான்னு ரத்தத்துகிட்ட கேக்க வேணாம். கண்ணாலயே பாத்துடுவோம்."

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னேன். அவன் தாளை வாங்கிக் கோட்டைப் பார்த்தான். விரலால் ஒன்பதிலிருந்து பதினாறு வரை தடவினான்.

"அப்ப செருப்புதான் மாட்டிக்கிட்டிருந்துதா?"

"இன்னும் தெரியல. சந்தோஷப்படாத."

"நான் எங்க சந்தோஷப்பட்டேன்."

"உன் மூஞ்சி பட்டுது."

பதின்மூன்றாம் நாள் காலை, வேலையிலிருந்து நேராகப் போனேன். திரையை டாக்டர் என் பக்கம் திருப்பி வைத்தார். சாம்பல் நிறத்தில் ஏதோ புகைந்துகொண்டிருந்தது. அதன் நடுவே ஒரு கறுப்பு வட்டம். அவ்வளவு கறுப்பை நான் பார்த்ததில்லை. எங்கள் கூடத்தில் எதுவும் அவ்வளவு சுத்தமாகக் கறுப்பாக இருக்காது.

"இதுதான் பை. பதினாறு மில்லிமீட்டர்."

இத்தனை நாள் காலி என்று நான் முடிவு கட்டி வைத்திருந்த இடம் அது. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. யாரிடமும் கேட்காமல் வளர்ந்திருந்தது.

"இது இருந்தா போதுமா?"

"போதாது. சிலருக்கு வளரும், வெடிக்காது. அப்படியே நின்னுடும். ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

பதினைந்தாம் நாள் அது இருபது மில்லிமீட்டர். டாக்டர் கருவியைக் கொஞ்சம் சாய்த்துக் கருப்பையைக் காட்டினார். நீளவாட்டில் மூன்று வெள்ளைக் கோடுகள், கோடுகளுக்கு நடுவே கருமை. இதுதான் உள்சவ்வு, ஒன்பது மில்லிமீட்டர் என்றார். ஒன்பது மில்லிமீட்டர் எனக்குத் தெரியும். கனமான ஆஸ்பத்திரிக் கம்பளியை இரண்டாக மடித்து அழுத்தினால் அந்தக் கனம்தான். போன உதிரம் நின்ற அன்று அங்கே ஏறக்குறைய ஒன்றுமே இருந்திருக்காது என்றார். பத்து நாளில் ஒரு கம்பளி. நூல் இல்லை, தறி இல்லை. நான் அடுத்தவர் விரிப்புகளைப் பிரித்துக்கொண்டு, பேருந்தில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டு, கணவனிடம் எரிந்து விழுந்துகொண்டு இருந்த பத்து நாளில். பதின்மூன்று வயதிலிருந்து மாதா மாதம் இதை நெய்து, இதை அவிழ்த்து, மறுபடி நெய்து. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருநூறைத் தாண்டியது. இருநூறு தடவையும் எனக்குத் தெரிந்தது கறை மட்டும்தான்.

"அழறீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்ல. தூங்கல, அதான்."

"எனக்கும் ஜலதோஷம்தான்" என்று அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் நான் வயிற்றைக் கவனித்தபடியே இருந்தேன். வெடிக்கும்போது தெரியும் என்று நினைத்தேன். ஒரு முறை இடது பக்கம் சுருக்கென்றது. வாயுவாகவும் இருக்கலாம். லென்ஸ், "என்னடி, யாரோ கதவு தட்டற மாதிரி நிக்கற" என்றாள். தட்டினால் சொல்கிறேன் என்றேன். அவள் விவரம் கேட்கவில்லை, என் மேசைக்கு வரவேண்டிய பெரிய மூட்டைகள் இரண்டை வேறு மேசைக்குத் தள்ளிவிட்டாள்.

பதினேழாம் நாள் காலை என் கணவனும் வந்தான். அரை நாள் விடுப்பு. வேலைச் சட்டையில் கிரீஸ் வாசனை. என் தலைப்பக்கம் சுவரோடு ஒட்டி நின்றான். எதையும் தொட்டுவிடக் கூடாது என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

டாக்டர் தேடினார். சாம்பல் நிறம் நகர்ந்தது. கறுப்பு வட்டம் இல்லை. அவர் திரும்பவும் தேடினார், கருவியை அழுத்தினார், எனக்கு வலித்தது, நான் சொல்லவில்லை. திரையில் ஓரிடத்தில் நிறுத்தினார். கசங்கின உறை மாதிரி ஒன்று, உள்ளே கலங்கலாக. அதற்குக் கீழே, கருப்பையின் பின்னால், மெல்லிய கறுப்புக் கீற்று.

"இது என்ன டாக்டர்?" என் கணவன்தான் கேட்டான்.

"அந்தப் பைல இருந்த தண்ணி. வெடிச்சுக் கொட்டியிருக்கு." கருவியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "போயிடுச்சும்மா. முட்டை வெளிய வந்தாச்சு."

நான் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தேன்.

"எப்ப?" என்றேன்.

"நீங்க முந்தாநாள் போனதுக்கும் இப்ப வந்ததுக்கும் நடுவுல. மணியெல்லாம் சொல்ல முடியாது. ஆறு நாள் கழிச்சு ரத்தம் குடுங்க, இருபத்து மூணாம் நாள், காகிதத்துலயும் இருக்கட்டும். எனக்கு இதுவே போதும்."

"ஊசி?"

"எதுக்கு? தானா நடக்கறதை ஊசி போட்டு நடத்தணுமா. குழந்தை எந்த மாசம் வரும்னு மட்டும் கேக்காதீங்க, அது எனக்குத் தெரியாது. முட்டை வருதான்னு கேட்டீங்க. வருது. அந்த ரெண்டாவது கேள்விக்கு நேரம் குடுத்துப் பாப்போம்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். டாக்டர் திரையை அணைக்கப் போனார். ஒரு நிமிடம் இருக்கட்டும் என்றேன். அவர் வெளியே போய் அடுத்த ஆளிடம் ஏதோ பேசினார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கசங்கின உறையைப் பார்த்தோம். காலியாகிப் போன அது இனி இரண்டு வாரம் ஒரு கம்பளியைத் தாங்கும். நான் சொல்லித்தான் தாங்க வேண்டும் என்றில்லை. நான் மறந்துபோனாலும் தாங்கும்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாதி வழியில் அவன் ஆரம்பித்தான்.

"முந்தாநாள் காலைல பத்து மணிக்கு ஸ்கேன் முடிஞ்சுது. அப்பறம் என்ன பண்ண?"

"வந்தேன். தூங்கினேன்."

"தூக்கத்துல வெடிச்சிருக்குமோ."

"இருக்கலாம். இல்ல, பஸ்ஸுல நின்னப்ப. நேத்து சாயங்காலம் ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டதுக்கு உன்னைத் திட்டினேனே, அப்பவா இருக்கலாம்."

"அப்பவாத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்கே கேட்டுது."

"இல்ல, தலையணை உறை எண்ணிட்டு இருந்தப்ப. எழுநூறு உறை. நடுவுல ஒரு தடவை எண்ணிக்கை விட்டுப்போச்சு, ஏன்னு தெரியல."

"நான் நேத்து முழுக்க ஏழாவது மாடியில தொங்கிட்டிருந்தேன். கீழ ஒருத்தன் வேகமா முடின்னு கத்திட்டே இருந்தான்." என் பக்கம் திரும்பினான். "சத்தம், வலி, ஒண்ணுமே இல்லயா?"

"ஒண்ணுமே இல்ல."

"அவ்வளவு பெரிய வேலை நடந்திருக்கு."

"ஆமா."

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். காய்கறிப் பையோடு ஒருத்தி, கைபேசியில் யாரையோ அதட்டிக்கொண்டு ஒருத்தி, பள்ளிச் சீருடையில் நாலைந்து பெண்கள் எதற்கோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி. ஒவ்வொருத்திக்குள்ளும் ஏதோ ஒரு நாள் நடந்துகொண்டிருந்தது. ஒருத்திக்கு மூன்றாம் நாள், ஒருத்திக்குப் பதினாறு, ஒருத்திக்கு எப்போதோ எண்ணிக்கை முடிந்துபோயிருக்கலாம். நான் நின்று பார்த்தேன். அவனும் நின்றான். பிறகு தன் கிரீஸ் சட்டையின் மேல் கையை வைத்து, தன் வயிற்றை ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டான்.

"எனக்குள்ள என்னென்ன நடக்குதோ" என்றான்.